ஊட்டிக்குப் படிக்க வந்தவர்கள் பேக்கரி, டீக்கடை, கஃபே சுற்ற முழுமையான வழிகாட்டி

ஹாஸ்டலில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்வது இதுதான். போனில் கஃபே என்று தேடி, மேலே வரும் நான்கைந்து கடைகளுக்கு ஆட்டோ பிடித்துப் போய், படம் எடுத்துப் போட்டு, மாதச் செலவில் பாதியை ஒரே நாளில் கரைத்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் மெஸ் டீயே கதி என்று உட்கார்ந்திருப்பார்கள். மூன்று வருடம் ஊட்டியில் இருந்துவிட்டு அடுப்பிலிருந்து வர்க்கி (ஊட்டியின் அடுக்கடுக்கான மொறுமொறு பேக்கரிப் பலகாரம்) இறங்குவதை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஊருக்குப் போனவர்களும் உண்டு. கடைகள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, போகிற வரிசைதான் தப்பு.

நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் நடக்கும் தூரத்தில் ஒரு பேக்கரி, அதன் அடுப்பு நேரம். அப்புறம் வர்க்கி, டீ, சாக்லேட். அப்புறம் குன்னூர், கோத்தகிரி. கஃபே எல்லாவற்றுக்கும் கடைசியில். மதுரை, தஞ்சாவூர் பக்கமிருந்து குளிர் பழகாமல் மேலே ஏறி வருகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், குன்னூரிலோ கேத்தியிலோ படிப்பவர்கள் தெருப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. கிளம்பும் முன் பையில் இருக்க வேண்டியவை

துணிப்பை, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா, தண்ணீர் பாட்டில், குடை. வெயிலடிக்கிறதே என்று குடையை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், இங்கே மதியத்துக்கு மேல் வானம் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் கேரி பேக் கிடையாது. 2019-லிருந்து ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை, அதனால் கடைக்குக் கடை தண்ணீர் கேட்டு அலையாமல் பாட்டிலை வாட்டர் ஏ.டி.எம்.மில் நிரப்பிக்கொள்வதுதான் வழி. பேக்கரியில் பேப்பரில் சுற்றியோ பேப்பர் கவரில் போட்டோ தருவார்கள். சாரல் பட்டால் அந்தக் கவர் ஹாஸ்டல் வாசல் வரை தாங்காது, அடி பிய்ந்து பாதி வர்க்கி ரோட்டில் கிடக்கும். டப்பா அதற்காகத்தான்.

சில்லறை கட்டாயம். மழையில் கரண்ட் போகும், கூடவே சிக்னலும் போகும், அந்த நேரம் பார்த்து ஸ்கேன் பண்ண நின்றுகொண்டிருந்தால் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். 10, 20 ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை மாதக் கணக்கில் யோசிக்காமல் வாரக் கணக்கில் பிரித்துவிடுங்கள். டீயும் ஒரு பன்னும் சாப்பிட ஆகும் காசு வேறு, கஃபேயில் ஒரு காபியும் ஒரு துண்டு கேக்கும் சாப்பிட ஆகும் காசு வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் இருபதாம் தேதி வீட்டுக்குப் போன் பண்ண வேண்டியிருக்கும்.

2. முதல் சில வாரம் ஒரே பாதை

சேரிங் கிராஸில் ஆரம்பித்து கமர்ஷியல் ரோடு வழியாக ஏ.டி.சி., அங்கிருந்து மார்க்கெட், மெயின் பஜார். இந்த ஒரு பாதையை நடந்தே பழகுங்கள். ஆட்டோவில் போனால் கடைப் பலகைதான் தெரியும். நடந்தால்தான் எந்தச் சந்திலிருந்து ரொட்டி வேகும் வாசனை வருகிறது என்று தெரியும், அந்த வாசனைதான் நமக்கு வேண்டிய விலாசம்.

இந்தப் பாதையில் பயணிகளுக்கான கடையும் உண்டு, ஊர்க்காரர்களுக்கான கடையும் உண்டு. வாசலிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். முன்னால் சாக்லேட் அடுக்கி, பக்கத்தில் நீலகிரித் தைலமும் டீத்தூள் பாக்கெட்டும் வைத்திருந்தால் அது பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர்களுக்கானது. பள்ளிக்கூடச் சீருடையில் பிள்ளைகள் பப்ஸுக்கு நின்று, ஒரு அக்கா மறுநாள் காலைக்கு பிரெட் வாங்கிக்கொண்டிருந்தால் அது ஊர்க் கடை. நமக்கு வேண்டியது இரண்டாவது, ஏனென்றால் தினமும் பிரெட் விற்கிற கடையில் எந்தச் சரக்கும் தேங்காது. ஒரு முறை ஏமாந்த ஊர்க்காரர் மறுபடி வரமாட்டார் என்று அவர்களுக்கே தெரியும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தப்பு, முதல் நாளே ஐந்து கடையில் ஐந்து பொருள் வாங்குவது. எது எந்தக் கடையில் வாங்கினோம் என்பதே மறந்துவிடும். ஒரு கடை, இரண்டு பொருள், அங்கேயே நின்று சாப்பிடுவது. பிடித்திருந்தால் அதே வாரத்தில் வேறொரு நேரத்துக்கு அதே கடைக்குப் போங்கள். காலையில் ராஜா மாதிரி இருந்த தேங்காய் பன் ராத்திரி எட்டு மணிக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் கடையின் தரம் தெரியும்.

3. அடுப்பு நேரத்தைத் தெரிந்துகொள்வது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

பேக்கரி சரக்குக்கு ருசி கடையால் வருவதைவிட நேரத்தால் வருவது அதிகம். பப்ஸின் மேல் ஏடு அடுப்பிலிருந்து வந்த ஒரு மணி நேரம் மொறுமொறுவென்று இருக்கும், அப்புறம் உள்ளே இருக்கும் மசாலாவின் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். கண்ணாடிப் பெட்டியில் பல்பு போட்டு வைத்தால் சூடு நிற்கும், மொறுமொறுப்பு நிற்காது. கையில் சுடுகிறதே, புதுசுதான் என்று நினைப்பது எல்லாரும் செய்யும் தப்பு.

குளிர் ஊரில் மாவு பொங்கவும் நேரம் எடுக்கும். கோயம்புத்தூரில் சீக்கிரம் எழும்பிவிடும் பன் மாவு, இங்கே டிசம்பர் ராத்திரியில் மெதுவாகத்தான் எழும்பும். அதனால் ஒரே கடையில்கூட அடுப்பு நேரம் கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று என்று மாறும். போனில் போட்டிருக்கும் 'திறந்திருக்கும் நேரம்' இதற்கு உதவாது. கடை திறப்பதும் டிரே வருவதும் வேறு வேறு.

எப்படித் தெரிந்துகொள்வது? கேட்பதுதான். ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "அண்ணா, இது ஃப்ரெஷ்ஷா?" என்று கேட்டால் உலகத்தில் எந்தக் கடைக்காரரும் இல்லை என்று சொல்லமாட்டார். "அண்ணா, அடுத்த டிரே எத்தனை மணிக்கு வரும்?" என்று கேளுங்கள். உள்ளே அடுப்பு இருக்கும் கடைக்காரர் திரும்பி உள்ளே குரல் கொடுத்துவிட்டு, "நாலரை ஆகும்பா, டீ குடிச்சிட்டு வா" என்பார். வேறெங்கோ செய்து வண்டியில் இறக்கும் கடை என்றால் பதில் இழுக்கும். இரண்டுமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். மலையில் பேக்கரி வைத்திருப்பவர்களில் கேரளத்துக்காரர்களும் நிறைய பேர், பேச்சு தெரிந்தால் சேட்டா என்று கூப்பிடலாம், அண்ணா என்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

கேட்டதை எழுதி வையுங்கள். கடை, பொருள், நேரம், மூன்றே மூன்று. மாதம் முடிவதற்குள், எந்த நாள் எந்த வகுப்பு முடிந்து எங்கே போனால் என்ன சூடாகக் கிடைக்கும் என்பதற்கு உங்கள் கையில் ஒரு டைம்டேபிள் இருக்கும். நான் சொல்லும் நேரத்தைவிட நீங்கள் கேட்டு எழுதிய நேரம்தான் சரியாக இருக்கும், அதனால்தான் நான் கடைவாரியாக நேரம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் சில கடைகள் சாத்தியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வர்க்கி வாங்குவது

2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வர்க்கி என்று எழுதாத கடையே இல்லை. பலகையைப் பார்த்து வாங்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் கண்ணால் பாருங்கள். நல்ல வர்க்கி மேலே ஒரே நிறமாக இருக்காது. அடுக்குகளின் ஓரம் கருஞ்சிவப்பாக, பள்ளமான இடம் வெளிறி, ஒழுங்கில்லாத வடிவத்தில் இருக்கும், விறகு அடுப்பில் வெந்ததென்றால் இன்னும் கூடுதலாகவே. அப்புறம் உடைத்துப் பாருங்கள். மடக்கென்று சத்தத்தோடு உடைந்து, செதில் செதிலாகக் காகிதத்தில் உதிர வேண்டும், உள்ளே ஏடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வளைந்து, அப்புறம் கிழிந்தால் அது நமத்துப்போனது. கடைசியாக மூக்கு. டால்டா பழசானால் ஒரு காறல் வாடை வரும், அது வந்தால் எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் வேண்டாம்.

அடுப்பிலிருந்து வந்த கையோடு வர்க்கி சாப்பிட்டுவிட்டு 'சவசவ என்றிருக்கிறதே' என்று சொல்பவர்கள் நிறைய. சூட்டில் கொழுப்பு உருகிய நிலையில்தான் இருக்கும், ஆறினால்தான் ஏடு இறுகும். பப்ஸுக்கு அவசரம் வேண்டும், வர்க்கிக்குப் பொறுமை வேண்டும்.

முதல் தடவை கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். கிலோ கணக்கில் வாங்கி அறையில் திறந்து வைத்தால் இந்த ஊர் ஈரத்தில் மறுநாளே துவண்டுவிடும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாயங்காலத்துக்குள்ளேயே. டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள். அப்படியும் நமத்துவிட்டால் எண்ணெய் விடாமல் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு, முழுக்க ஆறவிட்டு எடுங்கள். ஹாஸ்டலில் அடுப்பு ஏது என்பீர்கள், மெஸ் அக்காவிடம் நல்ல பெயர் எடுத்து வைப்பது இதற்கெல்லாம் உதவும்.

சில கடைகளில் டிரே அடியில் சேரும் உடைசலைத் தனியாக விலை குறைத்துத் தருவார்கள். ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை. கேட்கக் கூச்சப்படாதீர்கள், ஊர்க்காரர்களே கேட்டு வாங்குவார்கள்.

5. டீ

வர்க்கி பழகிய பிறகுதான் டீ என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே டீயைத் தனியாக யாரும் எடை போடுவதில்லை, எதை நனைத்துச் சாப்பிடுகிறோமோ அதோடு சேர்த்துத்தான் கணக்கு. வர்க்கிக்கு ஸ்ட்ராங்காக, சர்க்கரை கம்மியாகச் சொல்லுங்கள். முனையை நனைத்தவுடனே வாயில் போட்டுவிட வேண்டும், பேசிக்கொண்டே இருந்தால் பாதி வர்க்கி கிளாஸ் அடியில் தங்கிவிடும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கீழே ஊரில் குடித்ததைவிட டீயின் ஆரம்பச் சூடு குறைவு, குளிரில் இன்னும் வேகமாக ஆறும். வாங்கி வைத்துவிட்டு படம் எடுப்பவர்களுக்கு ஆறிய டீதான்.

டீக்கடையில் வருவது டஸ்ட் டீ, அதாவது பொடித் தூள், பால் சேர்த்தால்தான் அதற்கு உயிர். பால் இல்லாமல் இலையின் வாசனையைக் குடித்துப் பார்க்க வேண்டும் என்றால் ஆர்த்தடாக்ஸ் என்று சொல்லும், பொடியாக்காமல் உருட்டிக் காயவைத்த இலைத் தேயிலை வேண்டும், அது டீக்கடையில் கிடைக்காது, தேயிலை விற்கும் கடையிலோ நல்ல கஃபேயிலோ கேட்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனி நேரத்தில் பறித்த இலைக்கு வாசனை தூக்கலாக இருக்கும், வருடத்தில் ஒரு தடவை காசு கொடுத்து வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். அறையில் போடும்போது பாக்கெட்டில் போட்டிருப்பதைவிட ஒரு நிமிடம் கூடுதலாக மூடி வையுங்கள், தண்ணீரின் சூடு குறைவு என்பதால் சாரம் இறங்க நேரமாகும்.

சாக்லேட் டீ என்று விற்பதை ஒரு தடவை குடித்துப் பார்க்கலாம். ஒரு தடவை போதும்.

6. சாக்லேட்

'ஹோம்மேட்' என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி, கட்டியாக வாங்கிய காம்பவுண்டை (கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது) உருக்கி அச்சில் ஊற்றியது. தப்பான பொருள் என்று சொல்லவில்லை, அதற்கு அதற்குரிய விலை கொடுங்கள் என்கிறேன். கமர்ஷியல் ரோட்டில் கிங் ஸ்டார் மாதிரிப் பழைய கடைகளும் இருக்கின்றன, நேற்றுத் திறந்த கடைகளும் இருக்கின்றன, எங்கே போனாலும் பார்க்கும் முறை ஒன்றுதான்.

பாக்கெட்டில் இருந்தால் பின்பக்கம் திருப்புங்கள். கோகோ பட்டர் என்று இருந்தால் சாக்லேட், ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு முன்வரிசையில் இருந்தால் காம்பவுண்ட். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிம எண்ணும் தேதியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். உதிரியாக எடை போட்டுத் தருகிறார்கள் என்றால் ஒரு துண்டு கேட்டு வாங்கி நாக்கில் வையுங்கள், கடிக்காதீர்கள். கோகோ பட்டர் உடம்புச் சூட்டிலேயே முழுக்க உருகி மறைந்துவிடும். காம்பவுண்ட் மேலண்ணத்தில் மெழுகு பூசியது மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். வெளியே குளிரில் நின்று சோதித்தால் இரண்டுமே கல் மாதிரிதான் இருக்கும், அதனால் முதலில் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

7. குன்னூர், கோத்தகிரி

ஊட்டியில் உங்கள் டைம்டேபிள் தயாரான பிறகு போங்கள். முன்னாலேயே போனால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

குன்னூருக்கு பஸ்ஸில் போங்கள். மலை ரயில் அழகுதான், ஆனால் அது ஓடும் நேரத்துக்குத்தான் நீங்கள் கட்டுப்பட வேண்டும், அடுப்பு நேரத்துக்கு அது காத்திருக்காது. அரவங்காடு, வெலிங்டன் வழியாக பஸ் அடிக்கடி உண்டு. குன்னூர் இரண்டு தட்டாக இருக்கும் ஊர். கீழே பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும், மேலே பெட்போர்டும் சிம்ஸ் பார்க்கும். கஃபேக்களில் பல மேலே, பழைய பேக்கரி, டீக்கடை வேண்டுமென்றால் கீழேயும் சுற்ற வேண்டும், கிரவுன் பேக்கரி மாதிரி பழைய கடைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. மேலே முதலில் போய், சாப்பிட்டு, இறங்கி வரும் வழியில் பேக்கரியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். தலைகீழாகச் செய்தால் பையையும் சுமந்துகொண்டு அந்த ஏற்றம் ஏற வேண்டும், டப்பாவில் இருப்பதும் தூளாகும்.

கோத்தகிரியில் கடைகள் குறைவு, கூட்டமும் குறைவு. கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய கிரீன் ஷாப்பில் மலைத்தேன் வாங்கலாம், பன்னுக்கும் பிரெட்டுக்கும் ஜாமைவிட அது எவ்வளவோ மேல். வகுப்பில் படகர் நண்பர்கள் இருந்தால், வீட்டில் எண்ணெஹிட்டு (எண்ணெயில் பொரிக்கும் அவர்களது இனிப்புப் பலகாரம்) செய்யும் நாள் எப்போது என்று விசாரித்து வையுங்கள், அது எந்தக் கடையிலும் தேடிக் கண்டுபிடிக்கிற பொருள் இல்லை.

திரும்பும் பஸ்ஸைப் போனவுடனேயே விசாரியுங்கள். புதியவர்கள் பலர் கடைசி பஸ் பத்து மணிக்கு இருக்கும் என்ற சமவெளிக் கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். மலையில் ஊர் சீக்கிரம் அடங்கிவிடும். இருட்டிய பிறகு குறுக்குப் பாதை, தேயிலைத் தோட்ட வழி வேண்டவே வேண்டாம். காட்டுமாடு நடமாட்டம் உண்டு. குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடி பேக்கரிக் கதவை உடைத்து உள்ளே போன செய்தி வருவதும் வழக்கம்தான், எண்ணெயும் இனிப்பும் அதற்கும் பிடிக்கும்.

8. கஃபே

இப்போது போகலாம். போகும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: சாப்பிடப் போகிறீர்களா, உட்காரப் போகிறீர்களா?

சாப்பிட என்றால் பேக்கரியில் கிடைக்காததை மட்டும் வாங்குங்கள். பேக்கரியில் வாங்கக்கூடிய அதே வெண்ணெய் பிஸ்கட்டைப் பீங்கான் தட்டில் வைத்துத் தருவதற்கு நாலு மடங்கு கொடுக்க வேண்டியதில்லை. இலைத் தேயிலை, உள்ளூர் சீஸ் போட்டது, அன்றைக்குச் செய்த கேக் என்று ஏதாவது ஒன்று. இரண்டு பேர் போய் ஒன்றைப் பகிர்ந்துகொண்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

உட்கார என்றால், அதாவது பரீட்சைக்குப் படிக்கவோ ப்ராஜெக்ட் எழுதவோ என்றால், வார நாளில் காலை பதினொரு மணிக்கோ மதியம் மூன்று மணிக்கோ போங்கள். சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேர் மேஜையில் ஒருவர் லேப்டாப்பை விரித்துக்கொண்டு ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள், அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம். ப்ளக் பாயின்ட் இருக்கிறதா, நெட் வேலை செய்கிறதா என்று ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

பில்லை வாசித்துவிட்டுப் பணம் கொடுங்கள். சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அது கட்டாயமில்லை, ஓட்டல்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பரிமாறிய தம்பிக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள்.

9. சீசன் நேரம்

ஏப்ரல், மே இரண்டு மாதமும் சனி, ஞாயிறுகளில் சேரிங் கிராஸ் பக்கம் போவதை விட்டுவிடுங்கள். கூட்டத்துக்காக அடுப்பு ஓயாமல் எரியும், ஆனால் மாவு பொங்கக் காத்திருக்க யாருக்கும் நேரம் இருக்காது, பன்னைப் பிட்டாலே தெரிந்துவிடும். வார நாள் காலையில் போங்கள், அல்லது பஜார் பக்கத்துச் சந்துகளோடு நின்றுகொள்ளுங்கள்.

கீழே ஊரிலிருந்து நண்பர்கள் சொந்த வண்டியில் வருகிறார்கள் என்றால் இ-பாஸ் எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள், 2024 மே முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி அது தேவை. பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை. பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள்.

10. லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோவது

காலை பஸ் என்றால் முந்தின நாள் சாயங்காலம் வர்க்கி வாங்குங்கள், ராத்திரி முழுக்க ஆறியிருக்கும். சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்து எல்லாம் ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் மேலே இடம் விடாமல் காகிதத்தைச் சுருட்டி அடையுங்கள், கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கினால்தான் உடையும்.

நல்ல சாக்லேட்டுக்குத்தான் பாதுகாப்பு அதிகம் தேவை. மேட்டுப்பாளையம் இறங்கியதுமே வெயில் அடிக்கும், கோகோ பட்டர் அதைத் தாங்காது. ஸ்வெட்டரைக் கழற்றி அதற்குள் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள், ஜன்னல் ஓரமோ பஸ் டிக்கியோ வேண்டாம். மே மாதம் ஊருக்குப் போகிறீர்கள், மேட்டுப்பாளையத்துக்கு அப்புறம் இன்னும் எட்டு மணி நேரம் பகல் பயணம் இருக்கிறது என்றால் சாக்லேட் வாங்காதீர்கள், அந்தக் காசுக்குத் தேயிலை வாங்கிக்கொண்டு போங்கள்.